அழகை எதிர்பார்க்கும் மூளை

1871ஆம் ஆண்டு ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைனின் படைப்புகளைத் திரட்டி ஒரு கண்காட்சி நடந்தது. அவர் பெயரில் இருந்த மாதா ஓவியம் ஒன்றின் இரண்டு வடிவங்கள் அங்கே சேர்த்து வைக்கப்பட்டன. ஒன்று டார்ம்ஸ்டாட்டிலிருந்து வந்தது, இன்னொன்று ட்ரெஸ்டனுக்கே சொந்தமானது. எது அசல், எது நகல் என்று கலை அறிஞர்கள் கடுமையாக மோதிக்கொண்டிருந்த நேரம். அப்போது 70 வயதான ஜெர்மன் உளவியல் முன்னோடி குஸ்டாவ் ஃபெக்னர் ஓவியங்களுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்தார். எந்தப் படம் அழகாக இருக்கிறது என்று பார்வையாளர்களே எழுதட்டும் என்பது அவர் எண்ணம். 11,000 பேருக்கு மேல் வந்துபோனார்கள். எழுதியவர்கள் 113 பேர். அதிலும் பெரும்பாலோர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ எழுதியிருந்தார்கள்.

முயற்சி தோற்றுப்போனாலும் அதில் இருந்த துணிச்சலை இன்றும் வியக்கிறேன். அழகு என்றால் என்ன என்று தத்துவவாதிகள் மேலிருந்து வரையறுத்துக்கொண்டிருந்த காலத்தில், பார்க்கிற சாதாரண மனிதரிடமே கேட்கலாம், கேட்டதை எண்ணலாம் என்று ஒருவர் கிளம்பியிருக்கிறார். ரசனையைப் பற்றிய அறிவியல் அந்த நோட்டில் தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை. ஏறக்குறைய 150 ஆண்டுகளில் அது சேர்த்துவைத்திருப்பவற்றைப் படித்துப் பார்த்தால், பல ஆய்வுகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்வது தெரிகிறது: ரசனை என்பது பெருமளவுக்குக் கற்றுக்கொண்ட எதிர்பார்ப்பு. அழகு பொருளுக்குள் ஒரு விகிதமாக ஒளிந்திருக்கிறது என்ற நம்பிக்கையும், அவரவர் விருப்பம், அதில் பேச என்ன இருக்கிறது என்ற கைவிரிப்பும் இந்தச் சான்றுகளுக்கு முன் நிற்பதில்லை.

விகித நம்பிக்கைக்கு உயிர் கொடுத்தவரும் ஃபெக்னர்தான். ஒரே பரப்பளவு, நீள அகலம் மட்டும் வேறு என 10 வெள்ளைச் செவ்வகங்களை அவர் ஆட்களுக்குக் காட்டினார். மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர் பொன் விகிதத்தில், அதாவது அகலத்தைப் போல் நீளம் சுமார் 1.618 மடங்காக, அமைந்த செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1876இல் இது அச்சில் வந்ததிலிருந்து, பொன் விகிதமே அழகின் இரகசியம் என்ற பேச்சு ஓயவில்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது முடிவு கையில் நிற்கவில்லை. 1980இல் இயன் மெக்மேனஸ் கவனித்தது இன்னும் முக்கியமானது. ஒரு மனிதருக்கு ஒரு வகைச் செவ்வகம் பிடித்தால் அது தொடர்ந்து பிடிக்கிறது. ஆனால் ஆளுக்கு ஆள் அந்த வகை மாறுகிறது. எல்லோரையும் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்தால் நடுவில் ஒரு மேடு தெரியும். அந்தச் சராசரி மனிதர் உண்மையில் யாருமே இல்லை.

அதன்பின் வந்த பெரிய கோட்பாடுகள் பொருளை விட்டு, பொருளுக்கும் மனதுக்கும் இடையில் நடப்பதைப் பேசத் தொடங்கின. உளவியலாளர் டேனியல் பெர்லைன் 1971இல் சொன்னது: ரொம்ப எளிமையாக இருந்தால் சலிப்பு, ரொம்பச் சிக்கலாக இருந்தால் திணறல், இரண்டுக்கும் நடுவில் இன்பம் உச்சம் தொடும். வரைந்தால் ஒரு குன்று. 2004இல் ரெபர், ஷ்வார்ஸ், விங்கில்மன் மூவரும் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். மூளைக்கு எதைப் புரிந்துகொள்வது எளிதாக இருக்கிறதோ அது பிடித்துப்போகிறது என்றார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒருவருக்குச் சிக்கலாகப் படுவது இன்னொருவருக்கு ஏன் எளிதாகப் படுகிறது என்ற கேள்விக்கு இரண்டும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. இசை ஆய்வுதான் அந்த இடத்தில் கைகொடுத்தது.

இசையை ஆய்வுக்கூடத்தில் படிப்பதில் ஒரு வசதி உண்டு. ஓவியம் மொத்தமாகக் கண்முன் நிற்கிறது, எதை எப்போது பார்த்தோம் என்பது கலங்கிவிடுகிறது. இசையோ நொடிக்கு நொடி நகர்வது. அடுத்தது என்ன என்று மூளை ஊகிப்பதையும், ஊகம் பலிப்பதையும் பொய்ப்பதையும் தனித்தனியாக அளக்கலாம். வின்சென்ட் சங்கும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் இடம்பெற்ற 745 பாப் பாடல்களிலிருந்து 80,000 கார்டுகளை எடுத்துக்கொண்டார்கள். கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. வரிகளையும் மெட்டையும் நீக்கிவிட்டு, கார்டுகளின் வரிசையை மட்டும் கேட்கவைத்தார்கள். பாட்டு எது என்று அடையாளம் தெரியாது, அதனால் பழைய நினைவுகள் குறுக்கே வராது. ஒவ்வொரு கார்டும் வருமுன் கேட்பவருக்கு எவ்வளவு நிச்சயம் இருந்திருக்கும், வந்தபின் எவ்வளவு வியப்பு ஏற்பட்டிருக்கும் என்று கணினியில் அமைத்த ஒரு கணித மாதிரி கணித்தது.

கிடைத்த முடிவு அழகானது. இன்பம் இரண்டு சூழல்களில் உயர்ந்தது. அடுத்து இதுதான் என்று உறுதியாக நம்பியிருந்த இடத்தில் வேறொன்று வந்து விழுந்தால் ஒன்று. என்ன வரும் என்றே தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கும்போது பழகிய கார்டு வந்து நிலத்தில் கால் ஊன்ற வைத்தால் இன்னொன்று. வியப்பு மட்டுமே இன்பம் தரவில்லை, பழக்கம் மட்டுமே தரவில்லை. முன்னால் எந்த நிலையில் காத்திருந்தோம் என்பதைப் பொறுத்துத்தான் வந்ததின் மதிப்பு அமைகிறது. பெர்லைனின் குன்று ஏன் ஆளுக்கு ஆள் நகர்கிறது என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. காத்திருக்கும் நிலை, அதுவரை கேட்டதிலிருந்து உருவாவது.

இந்தக் காத்திருப்புக்கு உடலில் ஒரு வேதிப்பொருளும் உண்டு. இசை கேட்கும்போது மெய்சிலிர்க்கும் பழக்கம் உள்ளவர்களை வலோரி சலிம்பூர் குழு 2011இல் பெட், எஃப்எம்ஆர்ஐ என்ற இரண்டு மூளை ஸ்கேன்கள் வழியாக ஆராய்ந்தது. தங்களைச் சிலிர்க்கவைக்கும் இசையை அவர்களே கொண்டுவந்தார்கள். சிலிர்க்கும் நொடியில் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற ஆழ்மூளைப் பகுதியில், பரிசு உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்தது. அதைவிட முக்கியம், அந்த நொடிக்குச் சற்று முன்பே பக்கத்திலுள்ள காடேட் பகுதியிலும் அது சுரந்திருந்தது. பிடித்த இடம் வரப்போகிறது என்று தெரிந்து காத்திருக்கும் அந்தச் சில நொடிகளே ஒரு பரிசு. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஸ்கேனில் ஒரு பகுதி ஒளிர்ந்தது என்பதால் மட்டும் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் குறையை லாரா ஃபெர்ரெரி குழு 2019இல் நிரப்பியது. 27 பேருக்கு மூன்று தனித்தனி நாட்களில் மூன்று மாத்திரைகள். ஒன்று டோபமைனைக் கூட்டும் லெவோடோபா, ஒன்று அதன் செயலைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன், ஒன்று வெறும் மாத்திரை. லெவோடோபா உண்ட நாளில் இசை தந்த இன்பம் கூடியது, ரிஸ்பெரிடோன் உண்ட நாளில் குறைந்தது. பாட்டுக்காகக் காசு செலவழிக்கும் விருப்பமும் கூடவே ஏறி இறங்கியது. அழகை உணரும்போது மூளையில் நடப்பதைப் படிக்கும் நரம்பியல் அழகியலில் என்னை மிகவும் நம்பவைத்த ஆய்வுகளில் இது ஒன்று. இங்கே தொடர்பை வேடிக்கை பார்க்கவில்லை, காரணத்தையே கையால் திருகிப் பார்த்திருக்கிறார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. காது நன்றாகக் கேட்கும், சுரபேதம் தெரியும், இது சோகப் பாட்டு, இது குதூகலப் பாட்டு என்று சொல்லவும் முடியும், ஆனால் இசையால் எந்த இன்பமும் வராது. அப்படிப்பட்ட நலமான மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எர்னஸ்ட் மாஸ்-ஹெரெரோ குழு 2014இல் காட்டியது. பணம் ஜெயிக்கும் விளையாட்டில் மற்றவர்களைப் போலவே அவர்களுக்கும் உற்சாகம் பொங்குகிறது. ஆக, பரிசை உணரும் அமைப்பு பழுதில்லை, கேட்கும் அமைப்பும் பழுதில்லை. பிற்பாடு செய்த ஸ்கேன்களில், இசை ஒலிக்கும்போது இந்த இரண்டுக்கும் இடையிலான தொடர்பு அவர்களிடம் குறைவாக இருந்தது. இப்படிப்பட்ட ஒருவரை ரசனை கெட்டவர் என்று ஒதுக்குவது அநியாயம்.

இப்போது அதிகம் பேசப்படும் 'அழகு மையம்' என்ற கருத்துக்கு வருகிறேன். 1990களின் இறுதியில் நரம்பியல் அழகியல் என்ற பெயரோடு ஒரு துறையை முன்னெடுத்தவர் லண்டனைச் சேர்ந்த செமிர் செகி. பார்வைக்குப் பொறுப்பான மூளைப் பகுதிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். அழகாக இருக்கிறது என்று சொல்லும்போது, கண்குழிக்கு மேலே முன்மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஆர்பிட்டோஃப்ரண்டல் புறணியின் நடுப்பகுதி கூடுதலாகச் செயல்படுகிறது என்று 2004இல் ஹிடேயாகி கவபாட்டாவும் அவரும் எழுதினார்கள். 2011இல் டொமோஹிரோ இஷிசுவோடு சேர்ந்து செய்த ஆய்வில் ஓவியம், இசை இரண்டின் அழகும் அதே பகுதியைத் தொட்டது. உடனே மூளையில் அழகின் இருப்பிடம் கிடைத்துவிட்டது என்று செய்திகள் பரவின.

அந்த முடிவு அவசரமானது. உணவு, பணம், பாராட்டு என மதிப்புள்ள எதை எடைபோடும்போதும் இதே பகுதி வேலை செய்கிறது. அந்தப் பகுதி இயங்குகிறது என்பதிலிருந்து பார்ப்பவர் அழகை அனுபவிக்கிறார் என்று பின்னோக்கி ஊகிக்க வழியில்லை. அது மதிப்பைப் பதிவு செய்கிறது. அந்த மதிப்பு எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

செகியின் இன்னொரு ஆய்வே அதற்குச் சுவையான சான்று தருகிறது. 2014இல் அவரும் கணித மேதை மைக்கேல் அட்டியாவும் மற்றவர்களும் சேர்ந்து, 15 கணிதவியலாளர்களிடம் 60 சமன்பாடுகளைக் காட்டி அழகுக்கு மதிப்பெண் கேட்டார்கள். அழகான சமன்பாடுகளுக்கும் அதே ஆர்பிட்டோஃப்ரண்டல் பகுதி பதில் கொடுத்தது. ஆய்லரின் சமன்பாடு உச்சத்தில் நின்றது. e, i, π, 1, 0 என்ற கணிதத்தின் ஐந்து அடிப்படை எண்களும் ஒரே வரியில் கைகோக்கும் சமன்பாடு அது. அழகற்றது என்று மிகுதியாகச் சொல்லப்பட்டது எது தெரியுமா? 1/π-க்கு ராமானுஜன் எழுதிய முடிவிலித் தொடர்.

அந்தத் தொடரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 9801, 1103, 26390, 396 என்று எங்கிருந்தோ குதித்த எண்கள். 396-க்கு மேல் ஒரு அடுக்கு, பக்கத்தில் தொடர்பெருக்கங்கள். மேலோட்டமாகப் பார்க்கிறவருக்குக் கணக்குப்பிள்ளையின் குறிப்பேடு மாதிரி இருக்கும். ஆனால் தொடரின் ஒவ்வொரு உறுப்பையும் சேர்க்கச் சேர்க்க π-யின் மதிப்பில் சுமார் 8 இலக்கங்கள் புதிதாகச் சரியாகின்றன. 1985இல் பில் கோஸ்பர் இதே தொடரை வைத்து 1.7 கோடி இலக்கங்களுக்கு மேல் கணித்தார். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன, ஏன் வந்தே தீர வேண்டும் என்று தெரிந்தவருக்கு அதே வரி புல்லரிக்க வைக்கும். காகிதத்தில் உள்ள மை இருவருக்கும் ஒன்றுதான். எதை எதிர்பார்க்கத் தெரிந்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

கண் மட்டுமே தரும் விளைவுகளை நரம்பியல் அருமையாக விளக்கியிருக்கிறது. மோனாலிசாவின் கண்களைப் பார்த்தால் புன்னகை தெரிகிறது, உதட்டையே பார்த்தால் மங்குகிறது. புன்னகையை உண்டாக்குவது பெரிய, மங்கலான நிழல்கள், அவற்றைப் பார்வையின் ஓரம்தான் நன்கு பிடிக்கும் என்று மார்கரெட் லிவிங்ஸ்டன் 2000இல் விளக்கினார். ஆனால் அதே உத்தியை ஒரு சாதாரணப் படத்திலும் வரையலாம். கண்ணுக்கு அடுத்த படியை, பார்த்ததை மனம் மதிப்பிடுவதை, அது தொடுவதில்லை.

சரி, அந்த அடுத்த படியில் மனிதர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள்? அது எதைப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எட்வர்ட் வெசலும் உடன் உழைத்தவர்களும் 2018இல் வெளியிட்ட முடிவின்படி, முகங்களிலும் இயற்கைக் காட்சிகளிலும் மனிதர்களின் விருப்பம் ஓரளவு ஒன்றுபோல இருக்கிறது. கட்டடங்களிலும் கலைப்படைப்புகளிலும் சிதறிவிடுகிறது. எல்லோருக்கும் வாழ்க்கையில் ஒரேபோலப் பொருள்படும் விஷயங்களில் ஒற்றுமை, மனிதர்கள் செய்து வைத்தவற்றில் வேற்றுமை.

முகங்களில்கூட அந்த ஒற்றுமைக்கு எல்லை இருக்கிறது. லாரா ஜெர்மைன் குழு 2015இல் 547 ஜோடி ஒத்த இரட்டையரையும், 214 ஜோடி ஒத்திராத இரட்டையரையும் முகங்களை மதிப்பிடச் சொன்னது. மரபணு முழுக்க ஒன்றாக இருந்தும், ஒரே வீட்டில் வளர்ந்தும், யார் முகம் கவர்ச்சி என்பதில் இரட்டையர் வேறுபட்டார்கள். அந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கியது, ஒருவருக்கு மட்டுமே வாய்த்த அனுபவங்கள். இசையில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஒத்திசைவான சுரக்கூட்டு இனிமை, முரண்பட்ட கூட்டு கரகரப்பு என்பது செவியின் இயற்கை என்று பலகாலம் சொல்லிவந்தார்கள். பொலிவிய அமேசானில் வாழும் சிமானே மக்களிடம் ஜோஷ் மெக்டெர்மட் குழு 2016இல் கேட்டுப் பார்த்தது. இரண்டும் வெவ்வேறு என்று அவர்களால் பிரித்தறிய முடிந்தது. ஆனால் இரண்டையும் ஒரே அளவு இனிமையானவை என்றே மதிப்பிட்டார்கள். மேற்கத்திய இசை அவர்கள் காதில் அதிகம் விழுந்ததில்லை.

அப்படியானால் திரும்பத் திரும்பக் காட்டினால் எதையும் பிடிக்கவைத்துவிடலாமா? அடிக்கடி பார்த்தது பிடித்துப்போகும் என்று ராபர்ட் ஸாயன்ஸ் 1968இல் நிறுவினார். அதைக் கலைக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் கட்டிங். கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு, புத்தகங்களில் அடிக்கடி அச்சாகும் இம்ப்ரெஷனிச ஓவியங்களே அதிகம் பிடித்தன. அச்சில் அரிதாக வரும் ஓவியங்களை ஒரு வகுப்பில் எந்த விளக்கமும் சொல்லாமல் அவ்வப்போது திரையில் போட்டு வந்தார். பருவ இறுதியில் பிரபல ஓவியங்களுக்கு இருந்த முன்னுரிமை கரைந்துவிட்டது. 2003இல் இது வெளியானபோது, உன்னதம் என்று நாம் போற்றும் பட்டியலெல்லாம் பழக்கதோஷம்தானா என்ற கலக்கம் எழுந்தது.

நல்லவேளை, கதை அங்கே முடியவில்லை. 2013இல் ஆரன் மெஸ்கினும் மூன்று பேரும் அதே பாணியில் இரண்டு ஓவியர்களை வைத்துச் சோதித்தார்கள். விமர்சகர்கள் மதிக்கும் ஜான் எவரெட் மில்லே ஒருவர். பெருமளவில் விற்றும் விமர்சகர்களின் மதிப்பைப் பெறாத தாமஸ் கின்கேடு இன்னொருவர். கின்கேடின் ஓவியங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்த மாணவர்களுக்கு அவற்றின் மேல் விருப்பம் குறைந்தது. மில்லேவுக்கு அப்படி ஆகவில்லை. ஒரே ஒரு ஒப்பீட்டை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுதக் கூடாதுதான். ஆனாலும் எனக்கு இந்த முடிவு பொருத்தமாகவே படுகிறது. பழகப் பழக மூளையின் எதிர்பார்ப்பு கூர்மையாகிறது. கூர்மையான எதிர்பார்ப்புக்கு ஈடுகொடுக்கப் படைப்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

எதிர்பார்ப்பைப் பெயர்ச்சீட்டும் உருவாக்குகிறது. 2011இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரெம்ப்ராண்ட் பாணி உருவப்படங்களை ஸ்கேனருக்குள் காட்டினார்கள். படத்தின் உண்மை நிலையோடு தொடர்பில்லாமல், இது அசல், இது நகல் என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். காட்சியைக் கையாளும் மூளைப் பகுதிகளில் அந்தச் சொல்லால் மாற்றமே இல்லை. அசல் என்று கேட்டபோது மதிப்பிடும் ஆர்பிட்டோஃப்ரண்டல் பகுதி கூடுதலாக இயங்கியது. நகல் என்று கேட்டபோது, எங்கே தப்பு என்று தேடுவது போல, முன்மூளையின் நுனி உள்ளிட்ட வேறு பகுதிகள் விழித்தன. ட்ரெஸ்டனில் நடந்ததும் இதற்குத் தொலைவில் இல்லை. டார்ம்ஸ்டாட் படமே ஹோல்பைனின் கை என்று அறிஞர்கள் முடிவுக்கு வந்தபோது, ட்ரெஸ்டன் படத்தின் அழகில் தோய்ந்திருந்த ஓவியர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். அது 17ஆம் நூற்றாண்டில் பார்த்தோலோமியஸ் சர்பர்க் எடுத்த பிரதி. இதைக் கேட்டதும் ரசிப்பே போலி என்று சிரிக்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்று அறிவதும் பார்ப்பதின் ஒரு பகுதி. அந்த அறிவு பொய்த்தால் அனுபவமும் மாறத்தானே வேண்டும்.

சோகத்தை ஏன் தேடிப் போய் ரசிக்கிறோம் என்பதும் இந்தக் கோணத்தில் கொஞ்சம் துலங்குகிறது. ஃப்ராங்க்ஃபர்ட்டில் வின்ஃப்ரீட் மென்னிங்ஹவுஸ் குழுவினர் கவிதை கேட்பவர்களின் தோலுக்கு அருகே கேமரா பொருத்திச் சிலிர்ப்பைப் படம் பிடித்தார்கள். 2017இல் வெளியான முடிவு: சிலிர்க்கும் வேளையில் புருவத்தைச் சுருக்கும் தசையும் இறுகியது, துயரத்தில் இறுகும் அதே தசை. இன்பமும் வருத்தமும் மாறி மாறி வரவில்லை, சேர்ந்தே வந்தன. சிலிர்ப்புகள் கண்ட இடத்தில் சிதறவில்லை, வரியும் பத்தியும் முடியும் இடங்களில் குவிந்தன. சில நொடிகளுக்கு முன்பே பரிசுக்குரிய மூளைப் பகுதி இயங்கத் தொடங்கியிருந்தது. முடியப்போகிறது என்று சந்தம் முன்கூட்டிச் சொல்கிறது. அந்த வடிவத்தின் உறுதி இருப்பதால்தான் துயரத்துக்குள் துணிந்து இறங்க முடிகிறது.

கற்றுக்கொண்ட எதிர்பார்ப்பு என்றால் எல்லாம் நினைவில் இருக்க வேண்டுமே என்ற நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. ஆண்ட்ரியா ஹால்பெர்ன் 2008இல் அல்சைமர் நோயாளிகளிடம் ஓவிய அட்டைகளைக் கொடுத்து, பிடித்த வரிசையில் அடுக்கச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுத்தார். முன்பு பார்த்தோம் என்பதே அவர்கள் நினைவில் சரியாக இல்லை. வரிசை மட்டும் கிட்டத்தட்ட அப்படியே வந்தது, நோயில்லாத முதியவர்களின் வரிசை எந்த அளவு நிலைத்திருந்ததோ அதே அளவுக்கு. மொழியைப் போல, ரசனையும் நிகழ்வுகளின் நினைவுக்குக் கீழே எங்கோ படிந்துவிடுகிறது.

ஆனால் படிந்தது தானாக வேலை செய்துவிடாது. 2017இல் பிரீல்மனும் டெனிஸ் பெல்லியும் சிலரை அழகான படங்களைப் பார்க்கவைத்து, அதே நேரத்தில் காதில் விழும் எழுத்துகளை மனதில் வைத்து, முன்பு வந்தவற்றோடு ஒப்பிடவும் சொன்னார்கள். படத்தின் அழகு குன்றிவிட்டது. அழகு என்று சொல்லாத எளிய இன்பங்களில் அந்தச் சரிவு இல்லை. எதிர்பார்க்க மனம் ஓய்வாக இருக்க வேண்டும், நேரமும் வேண்டும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஜெஃப்ரி ஸ்மித், லிசா ஸ்மித் இருவரும் 2001இல் அளந்தபோது, ஒரு தலைசிறந்த ஓவியத்தின் முன் பார்வையாளர் நின்றது சராசரி 27.2 நொடி, பாதிப்பேர் 17 நொடிகூட நிற்கவில்லை. ஸ்கேனர் ஆய்வுகளிலும் ஒரு படம் பெரும்பாலும் சில நொடிகள்தான் திரையில் நிற்கிறது. அதற்குள்ளேயே, மிக ஆழமாகத் தொட்ட படைப்புகளுக்கு மட்டும், தன்னைப் பற்றி எண்ணும்போது இயங்கும் மூளை வலையமைப்பு உயர்ந்தெழுவதை வெசல், கேப்ரியல் ஸ்டார், நாவா ரூபின் மூவரும் 2012இல் கண்டார்கள். இருந்தாலும் இதுவரை சேர்ந்துள்ள அறிவில் பெரும்பகுதி முதல் பார்வையைப் பற்றியது. ஒரு வாரம் கழித்துத் திறக்கும் கவிதையும், இருபது வயதில் தூக்கிப்போட்டு நாற்பதில் தேடி எடுக்கும் இசையும் இந்தக் கருவிகளின் முன் இன்னும் சரியாக வைக்கப்படவில்லை. ரசனையின் பெரிய பகுதி அங்கேதான் நடக்கிறது.